ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பறந்த பேட்டரி வண்டி

விருத்தாசலம்

அன்பிற்குரிய மாப்பிள்ளை பிரவீன்குமார் அவர்களுக்கு,

மாமனார் சக்கரபாணி எழுதுவது. நீங்களும் என் மகள் வெண்பாவும் குறையில்லாமல் இருக்க விருத்தகிரீஸ்வரர் துணை செய்யட்டும். இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தைக்கு இடுப்பில் மட்டும் லேசான வலி. காரணம் கீழே வருகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் போனுக்கு எப்போது அடித்தாலும் வெண்பாதான் எடுக்கிறாள். ஆகவே ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த பேட்டரி வண்டி தங்கமான வண்டி. ஆனால் வெண்பா பேச்சைக் கேட்டு இருபத்தைந்துக்கு மேல் போகாதபடி நீங்கள் வேகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, அதிலிருந்து என் மானம் தெருவில்தான் கிடக்கிறது. வேப்பூர் ரோட்டில் வாழ்நாளெல்லாம் அரசு பஸ் ஓட்டியவனைக் கோழி விற்கிறவர் சைக்கிளில் முந்துகிறார். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிறது என்று உங்கள் அத்தை அம்புஜவல்லி இறங்கி நடந்து, எனக்கு முன்னால் உச்சிக்குப் போய் நின்று கையாட்டுகிறாள். ஒருநாள் என் பழைய கண்டக்டர் விருத்தகிரி பஸ் படியில் தொங்கிக்கொண்டே, “டிரைவரே, ஏறிக்குங்க, டிக்கெட்டு வேணாம்” என்றான். பஸ்ஸே சிரித்தது. அன்று சாயங்காலமே போனில் வண்டிக்கான ஆப்பை எடுத்து, சீட்டுக்கு அடியில் இருக்கிற அந்தக் கண்ட்ரோலர் பெட்டியின் செட்டிங்கைத் திறந்துவிட்டேன். பாஸ்வேர்டு வெண்பாவின் பிறந்தநாள் என்பதை நீங்கள் அழுத்தும்போதே பார்த்து வைத்திருந்தேன். வேகம் என்று நினைத்து ஒன்றை உச்சத்தில் ஏற்றினேன். அது வேகம் இல்லை, ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வண்டி எவ்வளவு விசையாகக் கிளம்ப வேண்டும் என்கிற கணக்காம்.

மறுநாள் காலை உங்கள் அத்தையை வேலைக்குக் கொண்டுவிடப் போனேன். அவள் செராமிக் தொழிற்பேட்டையில் கோப்பைகளுக்குப் பூ வரைகிற வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வழியில் டீக்கடையில் டீ குடித்துவிட்டு அவள் ஏறி உட்கார, நான் திருக, வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போலத் துள்ளி ஓடியது. விருத்தகிரியைப் பற்றியும், உங்களைப் பற்றியும், அவள் வைக்கிற புளிக்குழம்பைப் பற்றியும்கூட மனம்விட்டுப் பேசிக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பொறுமையாக அவள் கேட்டதே இல்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேட்டை வாசலில் அவளோடு வேலை செய்யும் துர்கா, “அக்கா எங்கண்ணா?” என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சீட்டு காலி. பதறிக்கொண்டு திரும்பி வந்தால், உங்கள் அத்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, விழுந்த இடுப்பைத் தடவிக்கொண்டே இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி கெளம்புனுது. நான் கெளம்பல” என்றாள். அவ்வளவுதான்.

உடனே விசையைக் குறைத்தேன். குறைக்கிற அவசரத்தில் வேறு எதையோ தொட்டிருக்கிறேன். அது தெரிந்தது அம்புஜவல்லியின் தம்பி மகன் அன்பரசனுக்குக் கல்யாணமான அன்று. அவனுக்கு உடன்பிறந்தவள் இல்லை. தாலியில் நாத்தனார் முடிச்சைப் போட வேண்டியவள் அத்தையான இவள்தான். முகூர்த்த நாள் என்பதால் ஸ்ரீமுஷ்ணம் பஸ் எதிலும் கால் வைக்க இடமில்லை. சரி, வண்டியிலேயே போய்விடலாம் என்று கிளம்பினோம். திருகினேன், வண்டி பின்னால் போனது. மறுபடி திருகினேன், இன்னும் நன்றாகப் பின்னால் போனது. பட்டுப்புடவையும் மல்லிகையுமாக உங்கள் அத்தை எங்கள் வீட்டு வாசலையே பின்பக்கமாகக் கடந்து போகிறாள்; பக்கத்து வீட்டு வீரம்மாள் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று விசாரிக்கிறார்; இவளும் ஸ்ரீமுஷ்ணத்துக்கு என்று பதில் சொல்லிக்கொண்டே எதிர்த்திசையில் தெருமுனை வரை வந்துவிட்டாள். அங்கே சுவரில் முட்டி நின்றதும் அவள் முகம் வாடிப் போனது.

“அந்தப் புள்ளைக்கு நான்தாங்க முடிச்சுப் போடணும். எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க.”

மாப்பிள்ளை, அந்தக் குரலுக்குப் பிறகு நான் எதையும் படித்துப் பார்க்கவில்லை. திரையில் தெரிந்ததையெல்லாம் அழுத்தினேன். கடைசியில் ஏதோ ஒன்றில் எல்லா செட்டிங்கும் கம்பெனியில் வைத்தபடிக்கே போய்விட்டது. வண்டி முன்னால் போனது. உங்கள் இருபத்தைந்தும் போய்விட்டது. ஊரைத் தாண்டியதும் முள் ஐம்பதைத் தொட்டது. இருபக்கமும் கரும்புத் தோட்டம் ஓடுகிறது, அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொல்கிறாள்: “இவ்ளோ நாளா இந்த வேகத்த எங்கங்க வெச்சிருந்தீங்க?” எனக்கு வயசு பாதியாகிவிட்டது.

பந்தல் வாசலில் மணல் கொட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு நேராக மணமேடையைப் பார்த்துப் போனது. நிறுத்தச் சொல்லிப் புரோகிதர் கையை உயர்த்தினார். மேளக்காரர்கள் அதைக் கெட்டிமேளத்துக்கு ஜாடை என்று எடுத்துக்கொண்டு பொளந்துகட்டினார்கள். மேளம் கேட்டதும் சனமெல்லாம் யார் என்று பாராமல் அட்சதையை வீசிவிட்டது. அன்பரசன் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் மேடையோரம் போய் நின்ற வண்டியில் உட்கார்ந்தபடியே ஊரார் எல்லோரின் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டோம். உங்கள் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தம்பி பழமலைநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா வந்துட்டாங்க. இப்ப நெசமா அடிங்க” என்று மேளக்காரர்களிடம் சொன்னான். பிறகு தாலி ஏறியது. முடிச்சை அவளே போட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, என் ஒரே வேண்டுகோள்: இனி ஒருநாளும் அந்த இருபத்தைந்தைத் திரும்ப வைக்கக் கூடாது. வெண்பாவுக்கு இது எதுவும் தெரியவே கூடாது. உங்கள் இருவருக்கும் நோயற்ற வாழ்வும், எங்களுக்கு ஒரு பேரப்பிள்ளையும் சீக்கிரம் கிடைக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
சக்கரபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. உங்கள் அத்தை துர்காவிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். இன்று காலை என்னைப் பின்னால் உட்காரவைத்து மேம்பால உச்சியிலிருந்து வண்டியை ஐம்பதில் கீழே இறக்கினாள். ஐம்பதுக்கு மேல் ஏற்ற வழியுண்டா என்று உங்களைக் கேட்கச் சொல்கிறாள். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வெண்பாவிடமே கொடுத்துவிட்டு, உடனே பஸ் ஏறி வந்து அந்த இருபத்தைந்தை மறுபடி வைத்துவிடுங்கள். பதினைந்து என்றாலும் எனக்குச் சம்மதம்.