ரோமாபுரி ராஜாவுக்கு ஒரு நோட்டீஸ்

பீர்க்கன்கரணை ஏரித் தெருவில் துளசிங்கம் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தது. பெரிதாக வேறொன்று கட்டிவிடலாம் என்று கொல்லையில் ஆள் வைத்துத் தோண்டினார். எட்டடியில் கடப்பாறை 'ணங்' என்றது. செங்கல் சுவர். பக்கத்திலேயே ஒரு கலயம், உள்ளே காசுகள். வரலாறு படித்த மகள் வினிதா ஒன்றைத் துடைத்துப் பார்த்தாள்.

"அப்பா! ரோம் நாட்டு ராஜாப்பா!"

துளசிங்கம் யோக்கியர். எந்த அலுவலகத்தில் சொல்வதென்று தெரியாமல், தெருமுனையிலிருந்த கட்டட அனுமதி அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டார். பொறியாளர் சம்பத் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"பிளான் அப்ரூவல் எங்க?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி கட்னது சார்."

"எப்ப கட்டினாலும் அனுமதி அனுமதிதான். ஓனர் யாரு?"

துளசிங்கம் காசை நீட்டினார். சம்பத்தின் முகம் மலர்ந்தது.

"போட்டோ ஐடியே இருக்கே! இதை முதல்ல சொல்றதில்ல?"

'மேற்படி ராஜா அவர்கள் ஏழு தினங்களுக்குள் அசல் ஆவணங்களுடன் நேரில் ஆஜராகத் தவறினால், கட்டடம் இடிக்கப்படும்' என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டேங்க் வேலை நின்றது. துளசிங்கத்தின் குடும்பம் காலையில் பக்கத்து வீட்டுக் காந்திமதியின் கக்கூஸ் வாசலில் வரிசை கட்டியது.

சேதி பெருங்களத்தூர் வரைக்கும் பரவியது. பெண்கள் ரோமன் காசுக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். சலூனில் 'ராஜா கட்டிங்' வந்தது. எதிரே எழும்பிக்கொண்டிருந்த 'சாய் முருகா என்கிளேவ்' ஒரே ராத்திரியில் 'ரோமன் என்கிளேவ்' ஆகி, வாசலில் நாலு பிளாஸ்டர் தூண் முளைத்தது.

எட்டாம் நாளும் ராஜா வரவில்லை. இடிப்பதற்கு முன் அளவெடுக்க சம்பத் டேப்போடு குழிக்குள் இறங்கினார். ஏறி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னா சார் ஆச்சு?"

"நாலு பக்கமும் அஞ்சடி இடம் விட்டிருக்கான். வடிகால் விட்டிருக்கான். ஏரிக்கு எல்லைக்கல் நட்டு, அதுக்கு வெளியதான் கட்டியிருக்கான்."

"அப்போ கல்லுக்கு இந்தாண்ட?"

"ஏரி."

எல்லோரும் கல்லுக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். துளசிங்கம் வீடு, காந்திமதி வீடு, ரோமன் என்கிளேவ், கடைசியில் கட்டட அனுமதி அலுவலகம். அந்த வட்டாரத்தில் விதிப்படி கட்டியது அந்த ஒரு சுவர்தான்.

துளசிங்கம் மண்வெட்டியை எடுத்தார்.

"அப்பா, வரலாறுப்பா!"

"வரலாறு கெடக்குது கண்ணு. வூடு வேணும்ல!"

காந்திமதி கூடை கொண்டுவந்தாள். எதிர் பில்டர் லாரியோடு மண் அனுப்பினார். சம்பத் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு காலாலேயே தள்ளினார். மதியச் சாப்பாட்டுக்குள் குழி மூடியாகிவிட்டது.

'மேற்படி இடத்தில் ஆதிமுதல் மண்ணைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை' என்று அறிக்கை தயாரானது. சாட்சிக் கையெழுத்துக்கு ரெண்டு பேர் போதும். தெருவே முண்டியடித்துக்கொண்டு வந்தது.