முதுகில் இரண்டு மொட்டைக் கோடுகள்

இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு ஜீவராசியை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். காடு மேடு அலைய வேண்டாம். செருப்பைக்கூட மாட்ட வேண்டாம். 'வித்தியாசம் கண்டவர்' என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன். நீங்களும் நானும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களை நம் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, ஒரு கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, "மேலோட்டமா பாத்தா அப்படித்தான் தெரியும்" என்பாரே, அவரேதான். அந்த ஒரு வாக்கியத்தில் நாம் மேலோட்டமான பிறவிகளாகிவிடுவோம். அப்படி எத்தனை தடவை ஆகியிருப்பீர்கள்?

எல்லாத் தொழிலிலும் இந்த இனம் உண்டு. எனக்குத் தெரிந்ததில் நன்றாக முற்றியது, மியூசியத்தில் வண்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் அவருக்கு வண்டுக்காரர் என்று பெயர். காய்கறிக்காரர் அவரைக் கண்டால் முகம் மலர்ந்து ஒதுங்கி நிற்பார். கடையில் கிடக்கும் சொத்தைக் காய்களை எல்லாம் தேடித்தேடிப் பொறுக்கி, "ஓட்டை பெரிசா இருக்கிறதா போடுப்பா" என்று கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் வேறு யார் இருக்கிறார்கள்? யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவில் உட்காருவதற்கு முன் ஜன்னல் திரையை உதறுவார். மழைக்கால இரைச்சலில் ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்க, இவர் மட்டும் விளக்கடியில் நின்றுகொண்டு, விழும் பூச்சிகளை மாப்பிள்ளை பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்ப்பார். சரி, பார்க்கட்டும். அதற்குத்தான் சம்பளம்.

ஆனால் மனுஷனுக்கு ஒரே ஒரு குறை. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு புது இனம்கூட அவர் பெயரில் இல்லை. பக்கத்து மேஜைக்காரர் ஏழு இனங்களைக் கண்டுபிடித்து ஏழுக்கும் பெயர் வைத்தவர். வண்டுக்காரர் மனசுக்குள் அவரை ஏழுகாரர் என்றுதான் கூப்பிடுவார். ஏழுகாரர் தினமும் டீ வரும் நேரம் பார்த்து, கண்ணாடியைத் துடைத்தபடி, "நம்ம பக்கம் ஏதாவது தேறுச்சா சார்?" என்பார். 'நம்ம பக்கம்' என்றால் இவர் பக்கம். இருபது வருஷமாக அந்த டீ இவருக்கு இனித்ததில்லை.

இப்படி இருக்கையில், ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது, துணி வெளுக்கும் கடைக்குப் பின்னால் ஒரு புதரில் அரிசிமணியில் பாதி அளவுக்கு ஒரு வண்டு கிடைத்தது. உடம்பு முழுக்கப் பச்சையும் தங்கமுமாகப் பொடிப்பொடிச் செதில். வண்டுக்காரருக்கு அழுக்கு வண்டைப் பார்ப்பது பிடிக்காது. வழக்கம்போலச் சோப்புத் தண்ணீரில் முக்கி, பிரஷால் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, துடைத்து, லென்ஸுக்கு அடியில் வைத்தார். பார்த்தார். எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்து பார்த்தார். செதில் மூடிய முதுகில், கழுத்திலிருந்து வால்வரை, செதிலே இல்லாத இரண்டு கறுப்பு மொட்டைக் கோடுகள்! உலகத்தில் எந்த வண்டுக்கும் எழுதப்படாத அடையாளம்!

விடுவாரா? அந்த இரண்டு கோடுகளைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதினார். கோட்டின் நீளம், அகலம், கோடு ஏன் இருக்கிறது, கோடு இல்லாவிட்டால் வண்டுக்கு என்ன நஷ்டம், வெயிலில் உடம்பு சூடேறாமல் இருக்கவா அல்லது பெண் வண்டை மயக்கவா என்று நாலு பக்கம் தனியாக. பெயர் வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் பேனா நின்றது. அன்று சாப்பிடும்போது மனைவியிடம், "உன் பேரை வைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"எதுக்கு?"

"வண்டுக்கு."

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் தானாக முன்வந்து கொடுக்கும் முதல் பொருள். "நிஜமாவா?" என்றார். மறுநாள் பத்து மணிக்குள் தங்கைக்கும், மாடி வீட்டுக்கும், தையற்காரிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

கட்டுரையை அனுப்பிய ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. கட்டுரை அருமை, ஆனால் ஒற்றை வண்டை நம்பிப் புது இனம் என்று அச்சிட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் சில வண்டுகளில் அந்தக் கோடுகளைக் காட்டினால் இந்த இதழ். இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம். அடுத்த வருஷம் வண்டுக்காரர் வீட்டில் இருப்பார். மேஜை, லென்ஸ், பெட்டி, புதர் எல்லாம் ஏழுகாரர் கைக்குப் போயிருக்கும். ஏழு எட்டாகும்.

புதன்கிழமை காலை, தூறலில், புருஷனும் பெண்டாட்டியும் புதருக்குப் போனார்கள். புதருக்கு அடியில் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு, மேலே குச்சியால் தட்டினால் வண்டுகள் குடைக்குள் விழும். அந்தத் தொழிலில் அதுதான் முறை. வெளுப்புக் கடையில் இஸ்திரி போடுகிறவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"குடை தலைகீழா இருக்குங்க."

"தெரியும்."

"மழை வேற பெய்யுதுங்க."

"தெரியும்யா!"

அவர் அந்த அம்மாளைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் பதினோரு வண்டுகள் கிடைத்தன. பதினொன்று! வண்டுக்காரர் நனைந்த சட்டையோடு நடுத்தெருவில் சிரித்தார்.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தாயிற்று. அம்மாள் முதலில் லென்ஸில் கண்ணை வைத்தார். "கோடு எங்கங்க?"

"அழுக்கு மூடியிருக்கு. மேலோட்டமா பாத்தா அப்படித்தான் தெரியும்." சோப்புத் தண்ணீரில் முக்கினார். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. "இப்ப பாரு!"

இரண்டு கோடுகள்! அடுத்த வண்டு: இரண்டு கோடுகள். அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கோடுகள். அம்மாளும் கைதட்டினார். வண்டுக்காரர் ஆறாவதைக் கழுவும்போது விசிலே அடித்தார். அப்போதுதான் அந்த அம்மாள் தண்ணீரைப் பார்த்தார். கிண்ணம் முழுக்கப் பச்சையும் தங்கமுமாக மினுமினுத்தது. பிரஷ் நுனியிலும் அதே மினுக்கு.

"ஏங்க, அழுக்கு இவ்வளவு அழகாவா இருக்கும்?"

"நீ கொஞ்சம் பேசாம இரேன்."

அவர் பேசாமல்தான் இருந்தார். பேசாமலே ஏழாவது வண்டை எடுத்து, கழுவாமல், லென்ஸுக்கு அடியில் வைத்தார். வண்டுக்காரர் குனிந்தார். கோடு இல்லை. உடம்பு முழுக்கச் செதில். அடுத்த நொடி அவர் முகத்தில் பரவிய சந்தோஷம் இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அடடா! இது வேற இனம்! ஒரே புதர்ல ரெண்டு புது இனம்!"

அம்மாள் பிரஷை எடுத்தார். அந்த வண்டின் முதுகில் ஒரு பக்கம் மட்டும் ஒரே ஒரு இழுப்பு. ஒரே ஒரு கோடு.

"அப்ப இது மூணாவதா?"

வண்டுக்காரர் பிரஷ் கம்பெனிக்காரனைத் திட்டினார். சோப்பைத் திட்டினார். பிறகு திட்ட ஆள் கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டார். செதிலோடு பார்த்தால் அது என்ன வண்டு என்று அவருக்குத் தெரியாதா? மியூசியத்தில் மூன்றாவது அலமாரியில், அவருக்கு முந்தியவர்கள் கழுவாமல் வைத்துவிட்டுப் போனது, ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அதன் பெயர்ச்சீட்டு அவர் கையெழுத்து. இருபத்தொன்பது வருஷமும் ஒரு கிண்ணத்தில் மிதந்துகொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது.

"உன் பேரு..." என்று ஆரம்பித்தார்.

"என் பேரு கிடக்கட்டும். நீங்களே மழிச்ச மொட்டைக்கா என் பேரை வைப்பீங்க? எழுந்து அந்த ஆசிரியருக்கு லெட்டர் எழுதுங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளும் பேனாவும் எடுக்கப் போனார். தங்கைக்குச் சொல்லியாயிற்றே, மாடி வீட்டுக்குச் சொல்லியாயிற்றே.

கடிதத்தில் வண்டுக்காரர், 'செதில்கள் காலப்போக்கில் தேய்ந்திருக்கலாம்' என்று எழுதினார்.

அம்மாள் தோளுக்கு மேலாகப் படித்தார். "பிரஷ் காலப்போக்கு கையிலயா இருந்துச்சு?"

அடித்தார். 'பிரஷ் சற்றுக் கடினமானது' என்று எழுதினார்.

"தானா வந்து தேச்சுதாக்கும்?"

மூன்றாவது தாளில்தான், 'நான் துடைத்ததால் விழுந்த கோடுகள்' என்று வந்தது. பதினான்கு பக்கம் எழுதிய கைக்கு அந்த ஒரு வரி எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது.

மறுநாள் டீ வேளையில் விஷயத்தைக் கேட்டு ஏழுகாரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "துடைச்சே கண்டுபிடிச்சிட்டீங்களே சார்!" என்றார். சிரிப்பு திடீரென்று நின்றது. டீயை அப்படியே வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனார், பெட்டியைத் திறந்தார், தன் ஏழு இனங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். மாலைவரை எழுந்திருக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நாலுதான் தேறியது என்று பேச்சு.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், எனக்கும் சந்தோஷம். போன வாரம் விருந்தாளியிடம், "எங்க பொண்ணுக்குப் பேசவே வராது, அவ சுபாவம் அப்படி" என்றீர்களே? ஆபீசில் புதிதாக வந்தவரைப் பற்றி, "ஆளுக்குச் சொந்த யோசனையே கிடையாது, அது ஒரு தனி ரகம்" என்று எழுதிக் கொடுத்தீர்களே? நன்றாகக் கவனித்து, பக்கம் பக்கமாக வர்ணித்து, பெயரும் வைத்துவிட்டீர்கள். அவர்கள் உங்களிடம் வந்து சேர்ந்தபோதும் அப்படித்தான் இருந்தார்களா? எங்கே, அந்த விரல் நுனிகளைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டுங்கள், மினுக்கு ஒட்டியிருக்கிறதா பார்ப்போம்.

என்ன, கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்கள்?