அந்தரத்தில் நின்ற பொரி

1978ஆம் வருடத்து ஆயுத பூஜை. பகல் பதினொன்றே கால். தூறல். திருவள்ளூரை ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாத் தொழிற்சாலையில், என் தங்கை கனகாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைக் கையும் நூலுமாகப் பிடிக்கப் பார்த்தேன். நூல்தான் அகப்படவில்லை. (அகப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு மிச்சம்!)

நான் அப்போது கோர்ட்டில் குமாஸ்தா. பொய்ச் சாட்சிகளையே பார்த்துப் பார்த்து, எங்கள் ஊர் வேப்பம்பட்டில் ரயில் சரியான நேரத்துக்கு வந்தால்கூட 'எதற்காக வந்தது?' என்று யோசிப்பவன். அப்பா இல்லாத வீடு. கனகாவின் கல்யாணம் என் ஒரு வார்த்தையில் இருந்தது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் போய் விசாரிப்பது எங்கள் வழக்கம். ஆயுத பூஜையன்று வெளியாட்களையும் உள்ளே விடுவார்கள் என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளை சம்பத் அங்கே சூப்பர்வைசர். டப்பா மூடியைப் பசையில்லாமல் ஒட்டும் ஒரு மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். சம்பத் அதன் இரும்பு மூக்கை மட்டும் வயரோடு கழற்றி, ஒரு ஸ்டாண்டில் மேல்நோக்கி நிறுத்தி, அதற்கு மேலே ஒரு தகட்டைப் பொருத்தியிருந்தார். பூஜைப் பொரியில் ஒரு துணுக்கைக் கிள்ளி, சாமணத்தால் நடுவில் விட்டார். விழவில்லை. அந்தரத்தில் நின்றது! மூக்கையும் தகட்டையும் சேர்த்து மெல்ல உயர்த்தினார்; பொரியும் கூடவே ஏறியது.

"இன்னாப்பா இது, கண்கட்டு வித்தையா?" என்றேன்.

"சத்தம் சார். இந்த மூக்குலேர்ந்து வர்ற, காதுக்குக் கேக்காத சத்தம். மேல தகட்டுல முட்டித் திரும்புது. நடுவுல பொரி மாட்டிக்கினு நிக்குது."

கேட்காத சத்தமாம்! (இவன் சொன்ன சம்பளமும் சொந்த வீடும்கூட இப்படிக் கண்ணுக்குத் தெரியாதவைதானோ?) விரலை நடுவில் விட்டேன். பொரி விழுந்தது.

"நூலு அறுந்துச்சு, பாத்தியா கனகா!" என்று கத்தினேன்.

சம்பத் சிரித்துக்கொண்டே இன்னொரு துணுக்கை நிறுத்தினார். "நல்லாத் தேடிக்கோங்க சார்."

நூல் உத்தரத்திலிருந்துதான் வரவேண்டும் என்று, கையிலிருந்த குடையைத் திருப்பிப் பிடித்து அதன் கொக்கியால் மேலே துழாவினேன். கொக்கி ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது. நூல் அகப்பட்டதென்று இழுத்தேன். மூக்கு தரையில் விழுந்து, உள்ளே ஏதோ உடைந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். "யாருய்யா தள்னது?"

"நான்தான் சார். கை பட்டுட்ச்சு" என்றார் சம்பத்.

செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஏற்கிறான்? ரயில் ஏறியதும் கனகாவிடம் சொன்னேன்: "இவன் வாணாம்மா. கூசாம பொய் சொல்றான்."

"உனக்கோசரம் சொன்ன பொய் அது, அண்ணா. கட்டிக்கினா அவரத்தான் கட்டிக்குவேன். சந்தேகப்பட ஊட்ல நீ ஒருத்தன் போதும்."

கட்டிக்கொண்டாள். இன்றும் ஆயுத பூஜைக்குப் பொரிப் பொட்டலத்தை நூல் சுற்றித்தான் அனுப்புகிறாள். "தாத்தா, நூலு கெடச்சிட்ச்சா?" என்று அவள் பேரப்பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். (பொட்டலத்தை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறேன்.)

உடைந்ததற்காக சம்பத்தின் சம்பளத்தில் பிடித்த பணத்தை, தாலி கட்டும் முன் அவர் கையில் கொடுத்தேன். எண்ணாமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் எண்ணவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு.