தராசின் முதல் கஞ்சி

"சித்தி, நீ செய்யற சாப்பாட்டை நீயே சாப்பிட்டுப் பார்ப்பியா?" என்று அக்காள் மகள் ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு? சரியா அளந்து போட்டா போதும்," என்றாள் சித்தி. எதையும் நிறுத்துப் பார்த்தே தொடுவதால் வீட்டில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர்.

உணவியல் மாணவியான தராசுக்கு இன்று ஆஸ்பத்திரியில் பயிற்சியின் முதல் நாள். புது வெள்ளைக் கோட்டின் மடிப்புகூடக் கலையவில்லை.

"ஜன்னல் பக்கம் இருக்கிறவர் தையல்காரர். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடல," என்றார் உணவுப் பிரிவின் பெரிய மேடம். "இன்னிக்குள்ள கஞ்சியாவது குடிக்கலைன்னா நாளைக்கு மூக்கு வழியா குழாய்தான். பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவருக்குச் சர்க்கரை. ரெண்டு பேரும் உன் பொறுப்பு."

தராசு கடவுளை வேண்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். மாவு, பால் பவுடர், எண்ணெய் எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் நிறுத்து, பெரிய பாத்திரம் நிறையக் கஞ்சி காய்ச்சினாள். தையல்காரர் பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்த் திரும்பினால், காலி!

"மேடம், குடிச்சிட்டாரு!" வராந்தா முழுக்கக் கேட்டது.

"பரவாயில்லையே! அடுத்த வேளை ரெண்டு கிண்ணமா குடு."

இரண்டும் காலி. தராசுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் டிரைவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அவருடைய ரொட்டியைப் பாதியாக்கினாள். இன்னும் ஏறியது. பழத்தையும் நிறுத்தினாள்.

"அம்மாடி, அடுத்து தண்ணியா?" என்றார் டிரைவர் பரிதாபமாக.

"நீங்க குறைக்கக் குறைக்க ஏறுதே! இவருக்குக் காத்துலயா சர்க்கரை வருது?" என்று நர்ஸ் சிரித்தாள்.

அடுத்த கிண்ணத்தை வைத்துவிட்டு, தராசு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். டிரைவர் மெல்ல எழுந்து வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தை ஒரே மடக்கில் கவிழ்த்தார்.

"சார்! அடுத்தவர் கஞ்சியைத் திருடிக் குடிக்கிறீங்களே, அடுக்குமா? அவருக்குக் குழாய் போடப் போறாங்க!" தராசுக்கு அழுகை முட்டியது.

டிரைவர் தலை குனிந்தார். அதுவரை பேசாதிருந்த தையல்காரர் வாய் திறந்தார்.

"அவரைத் திட்டாதேம்மா. உப்பே போடாத அந்தப் பசையை என்னால முழுங்க முடியல. குழாய்ல போனா ருசி தெரியாது, அதுவே தேவலைன்னு இருந்தேன். 'முதல் நாள் பொண்ணு, கிண்ணம் அப்படியே திரும்பினா மனசு ஒடிஞ்சிடும்'னு அவர்தான் தன் சர்க்கரையையும் பார்க்காம குடிச்சாரு."

தராசு மறுபடி சமையலறைக்கு ஓடினாள். புதிதாகக் காய்ச்சி, உப்புப் போட்டு, ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தாள். தையல்காரர் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். குழாய் வேண்டியிருக்கவில்லை. டிரைவருக்கு ரொட்டியும் பழமும் திரும்பின.

சாயங்காலம் சமையலறையில் யாருமில்லை. முதலில் காய்ச்சிய கஞ்சி பாத்திரத்தில் மிச்சமிருந்தது. தராசு கதவைச் சாத்தினாள். எதையும் நிறுத்துப் பார்க்காமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவையும் குடித்துத் தீர்த்தாள்.