சந்தேகம் வராத வகுப்பு

பல்கலைக்கழக மாணவரைக் கணித, விஞ்ஞான ஆசிரியராக உருவாக்கும் உயரிய பிரிவில நான் டைப் அடிக்கிற லிகிதர். ஆசிரியர் உருவாகிற நேரம் பக்கத்தில நிண்டு விரிவுரையாளருக்குக் குடை பிடிக்கிறதும் என்ர கடமைகளில் அடங்கும்.

அண்டைக்கு எங்கட விரிவுரையாளர் ஒஸ்வால்ட் சேர், கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒண்டில மேபல் படிப்பிக்கிறதைப் பார்த்துப் புள்ளி போட வந்தார். மேபல் கணிதப் பட்டம் முடிக்கப்போற பிள்ளை. பாஸ் பண்ணினால் அதே பள்ளிக்கூடத்தில நியமனம். இல்லாட்டி பேலியகொடையில மாமன்ர மீன்கடைக்குக் கணக்கு எழுத வேணும். அந்த மனுசன் இப்பவே கதிரை வாங்கி வச்சிட்டார். வகுப்பில என்ர மகள் ஐறீனும் இருந்தாள்.

பாடம் பின்னம். மேபல் பேக்கரியில வாங்கின ஒரு பாணை மேசையில வச்சாள்.

"காலமை அரை றாத்தல் பாண் வாங்கக் கடைக்குப் போறீங்கள். மாமி வாறா எண்டு அம்மா இன்னொரு கால் றாத்தல் சேர்க்கச் சொல்றா. எவ்வளவு?"

"முக்கால் றாத்தல், மிஸ்!" கூரைத் தகரம் அதிர்ந்துது.

"எப்பிடி?"

"அரைக்குள்ள ரெண்டு கால் இருக்குத்தானே, மிஸ்" எண்டாள் ஐறீன். எனக்கெண்டால் பெருமையில புளுகம் தாங்கேல்லை. பிறகு அரைக்கால் வரைக்கும் பிள்ளையள் பிழையில்லாமல் போட்டுத் தள்ளினதுகள்.

ஒஸ்வால்ட் சேரின்ர முகம் மட்டும் கறுத்துப்போச்சு.

"பாடத்திட்டத்தில மூண்டாம் படி என்ன, பிள்ளை?"

"மாணவரின் சந்தேகங்களைத் தீர்த்தல், சேர்."

"எங்க தீர்த்தனீர்?"

"ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லையே, சேர்."

"வரப்பண்ணியிருக்க வேணும்! வண்ண அட்டை எங்க? குழுச் செயற்பாடு எங்க? பாணைக் காட்டி டக்கெண்டு விளங்கப்பண்ணிப்போட்டு நிக்கிறீர். மணி அடிக்குமட்டும் என்ன செய்யப்போறீர்?"

"பிள்ளையளுக்கு விளங்கீட்டுதுதானே, சேர்..."

"விளங்கினது பிள்ளையளுக்கு. நான் புள்ளி போடுறது உமக்கு."

'மாணவர் முன்கூட்டியே விளங்கிக்கொண்டமையால் பாடம் தடைப்பட்டது' எண்டு அறிக்கை போனது. டைப் பண்ணினது நான்தான். பாணை சேர் வீட்டுக்குக் கொண்டுபோனார், சான்றுப் பொருளாம்.

மறுபரீட்சைக்கு இன்னொரு கிழமை இருந்தது. அந்தக் கிழமை முழுக்க மேபல் பிள்ளையளை விளங்காமல் இருக்கப் பழக்கினாள். பரீட்சை அண்டைக்குப் பாண் இல்லை. நிற அட்டை, பசை, கத்தரிக்கோல். அரையும் காலும் கூட்டினால் "ஆறில ரெண்டு!" எண்டு வகுப்பே கத்திச்சுது. மூண்டாம் படியில ஐறீன் எழும்பி, "ஒண்டுமே விளங்கேல்லை, மிஸ்" எண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஒஸ்வால்ட் சேர் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைச்சார். சந்தேகம் தீரவும் மணி அடிக்கவும் சரியாயிருந்துது. மேபல் அதிவிசேட சித்தியோட பாஸ்!

நியமனம் கிடைச்ச கையோட அந்தப் பெட்டை பழையபடி பாணோட வந்திட்டாள். பெற்றோர் கொதிச்செழும்பிச்சினம். கொப்பி வெறுமை. ஒட்டின அட்டை ஒண்டும் வீட்டுக்கு வரேல்லை. பிள்ளை கஷ்டப்படுற மாதிரியே தெரியேல்லை. இதென்ன படிப்பு? அதிபருக்குப் பெட்டிசம் போனது. நான் அரசாங்க உத்தியோகத்தர் எண்டபடியால் முதல் கையெழுத்து என்ர. ரெண்டாவது பக்கத்து வீட்டு மாக்ரெட் அக்கான்ர. அதோட பாண் நிண்டுது, அட்டை வந்தது.

இந்தமுறை ஐறீனுக்கு உண்மையாவே விளங்கேல்லை. அழுகையும் நடிப்பில்லை. பெத்த மனம் பொறுக்குமோ? வெள்ளவத்தையில பேர்போன ரியூசன் ஒண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். மண்டபம் நிரம்பி வழிஞ்சுது. பின்னால வாங்குகளில பெட்டிசத்தில கையெழுத்து வச்ச அவ்வளவு பேரும் இருந்திச்சினம்.

மேடையில ஒஸ்வால்ட் சேர். அவருக்கு முன்னால ஒரு பாண்.

"அரை றாத்தலும் கால் றாத்தலும்?"

"முக்கால், சேர்!" ஐறீன்ர சத்தம்தான் பெரிசு.

மாக்ரெட் அக்கா என்ர கையைப் பிடிச்சா. "பார்த்தீங்களே ஸ்ரனிஸ்லாஸ், இதெல்லோ படிப்பிக்கிறது! எங்கட பள்ளிக்கூடத்து மிஸ்மாருக்கு இது ஏன் தெரியேல்லை?"

"என்னத்தைச் சொல்ல, அக்கா" எண்டன். "அவையளை உருவாக்கிற ஆக்கள் சரியில்லை."