அப்பிள் தோட்டத்தில் ஒரு கடற்காரர்

ஏணியின் உச்சிப் படியில் நின்றபடி ஜோக்கிம் தன் மனைவியின் தம்பிக்கு போன் எடுத்தார். தலைக்கு மேலே, ஆலங்கட்டி மழையைத் தடுக்க அப்பிள் மரங்களுக்கு மேல் விரித்திருந்த வலையில், ஓர் ஆள் நிமிர்ந்து நுழையக்கூடிய ஓட்டை. நேற்றைய காற்று செய்த வேலை.

"றொஜர், ஒரு சின்ன விஷயம். எனக்கில்லை, இன்னொரு ஆளுக்கு. கிழிஞ்ச வலையை எப்பிடிப் பொத்துறது?"

நகரத்துக் கபோ சந்தையில் மீன்கடையில் நின்ற றொஜர் சிரித்தான். "என்ன அத்தான், பகிடியே? அது உங்களுக்குத் தெரியாததே?"

"எனக்குத் தெரியும். மற்ற ஆளுக்கு விளங்கப்படுத்தத்தான் தெரியேல்லை."

உண்மை என்னவென்றால், ஜோக்கிம் வாழ்நாளில் ஒரு வலையையும் தொட்டவரல்ல. மன்னாரில் அவருக்கு இருந்தது சைக்கிள் கடை. இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து, கோயிலில் அகஸ்ரீனாவைக் கண்டு, அவள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன்பிடிக்கும் கடற்காரரின் மகள் என்று அறிந்த அன்றுதான் அவரும் கடற்காரர் ஆனார். சைக்கிள் ரியூப் ஒட்டுகிறவனுக்கு அந்த வீட்டில் பெண் தருவார்களோ என்ற பயம். கலியாணமாகிப் பத்து வருடமாகியும் அந்தப் பொய்யை இறக்கிவைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வள்ளத்தைப் படத்தில் பார்த்தாலே வயிற்றைக் குமட்டும் மனிதர் அவர்.

அகஸ்ரீனா லிபெர்த்தா தெருவில் ஓர் இத்தாலியச் சீமாட்டி வீட்டில் வேலை. அந்தச் சின்யோராவின் தம்பி சால்வோவுக்குத்தான் நகரத்துக்கு வெளியே, மலைப்பக்கம் இந்தத் தோட்டம். "வலை போட்ட தோட்டமாம், ஆள் தேடினம், போங்கோவன்" என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். வேலைக்கு வந்த முதல் நாள் சால்வோ ஒரு கம்பத்தில் இருந்த கைபிடியைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்க, ஜோக்கிம் மன்னார்க் கடலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். சால்வோ நெடுநேரம் தலையாட்டினார்.

ஒரு மாதம் பார்ப்போம் என்று பேச்சு. நாளை ஞாயிற்றுக்கிழமை, அகஸ்ரீனாவையும் கூட்டிக்கொண்டு சால்வோ முடிவு சொல்ல வருகிறார். ஓம் என்றால் தோட்டத்து வீடு இரண்டு அறைகளோடு அவர்களுக்கு. இல்லையென்றால் பழையபடி நகரத்துக்குள் போர்கோ வெக்கியோவில் ஒற்றை அறையும், ஓட்டல் நிலவறையில் கோப்பை கழுவுவதும்தான். அதைக்கூடத் தாங்கலாம். கடற்காரருக்கு வலை பொத்தத் தெரியாது என்பது அகஸ்ரீனாவுக்குத் தெரிந்தால் அதை எப்படித் தாங்குவது?

"பொத்திக்கொண்டு நிக்கவேண்டாமெண்டு அந்த ஆளுக்குச் சொல்லுங்கோ" என்றான் றொஜர். "இஞ்சை பழைய மீன்வலை ஒண்டு கிடக்கு. பஸ்ஸிலை போட்டுவிடுறன்."

வலை மத்தியானம் வந்து சேர்ந்தது. ஜோக்கிம் அதை ஓட்டைக்கு மேல் விரித்து, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி இறுக்கிக் கட்டினார். தூரத்தில் நின்று பார்த்தார். பரவாயில்லை, நல்லாய்த்தான் இருந்தது.

வெயில் ஏறியதும் வலை மணக்கத் தொடங்கியது. பக்கத்துக் கிராமத்துப் பூனைகள் ஒவ்வொன்றாக வந்து மரத்தடியில் குந்தின. ஒரு கொழுத்த மஞ்சள் பூனை கம்பத்தில் ஏறி, வலையில் படுத்து, அதை நக்கத் தொடங்கியது.

"றொஜர், மீன்வலை மணந்தால் என்ன செய்யிறது?"

"கடலிலை நிக்கேக்கை என்ன அத்தான் செய்தனீங்கள்?"

"அங்கை எல்லாமே மணக்கும். வலையெண்டு தனியாய்த் தெரியாது."

போனை வைத்துவிட்டு ஜோக்கிம் தானே யோசித்தார். உடுப்புக்குப் போட அகஸ்ரீனா கொடுத்துவிட்ட பூ வாசனைத் திரவம் ஒரு போத்தல் இருந்தது. முழுவதையும் வாளித் தண்ணீரில் கரைத்து வலைக்கு விசிறினார். மீன் மணம் அடங்கியது. பூனைகள் முகத்தைச் சுழித்துக்கொண்டு போயின.

அடுத்த நாள் காலை தேனீக்கள் வந்தன. பூவில் மகரந்தம் பரப்பட்டும் என்று சால்வோ காசு கொடுத்து வாடகைக்கு எடுத்துவைத்த தேனீக்கள். பூத்துக் குலுங்கிய மரம் ஒன்றையும் அவை திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் மேலே, பூ வாசம் வீசும் மீன்வலையில் மொய்த்துக்கொண்டிருந்தன.

"அட சனியனே, பூ இஞ்சை கிடக்கு" என்று கீழே நின்று கைகாட்டினார் ஜோக்கிம்.

இனி ஒரே வழி, வலையை முழுதாய்ச் சுருட்டி மறைப்பதுதான். கம்பத்துக் கைபிடியைப் பிடித்துச் சுற்றினார். அது அசையவில்லை. அதன் மூடியைக் கழற்றினால், உள்ளே சங்கிலி தொய்ந்து, துருவேறி, பற்சில்லின் பல்லைவிட்டு நழுவிக் கிடந்தது.

"எந்த விசரன் இதைப் பூட்டினவன்?" என்று புறுபுறுத்தபடி ஜோக்கிம் கீழே குந்தினார். ஒரு கண்ணியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, சங்கிலியை இழுத்துப் பல்லில் ஏற்றினார். இவ்வளவையும் செய்த கைகள் அவருடைய யோசனையைக் கேட்கவேயில்லை. அவருடைய யோசனை முழுக்கத் தேனீயில். கைபிடியைச் சுற்றினார். வலை வழுக்கிக்கொண்டு போய்ச் சுருண்டது, தேனீக்கள் கலைந்தன.

வாசலில் கார் வந்து நின்றது. அகஸ்ரீனா இறங்கிவந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வலை கத்துது."

மஞ்சள் பூனை திரும்பி வந்து வலையில் படுத்திருந்ததை ஜோக்கிம் கவனிக்கவில்லை. சுருளுக்குள்ளிருந்து அது உதறிக்கொண்டு பாய, ரியூப் கட்டுகள் அறுந்து, மீன்வலை அப்படியே அவர் தலையில் விழுந்து கால்வரை மூடியது. பத்து வருடக் கடற்காரர் முதன்முறையாக வலைக்குள் நின்றார்.

எல்லாம் முடிஞ்சுது என்று அவருக்குத் தோன்றியது.

"சின்யோர் சால்வோ," என்றார் வலைக்குள் நின்றபடியே, "நான் உண்மையிலை..."

சால்வோ அவரைப் பார்க்கவேயில்லை. நேரே கம்பத்தடிக்குப் போய்க் கைபிடியை ஒற்றை விரலால் சுற்றினார். வலை சத்தமில்லாமல் விரிந்தது. மறுபக்கம் சுற்றினார். சுருண்டது. சிறுபிள்ளை மாதிரி மறுபடியும் மறுபடியும் சுற்றிப் பார்த்தார்.

"தோட்டத்து வீட்டுத் திறப்பு காருக்குள்ளை கிடக்கு, எடு" என்றார்.

"ஆனால் வலை..."

"வலையை நான் தைப்பன். இந்தச் சங்கிலிக்குத்தான் ஆள் தேடினனான்."

அகஸ்ரீனா திடீரென்று அப்பிள் பூக்களை மிகக் கவனமாக ஆராயத் தொடங்கினாள்.

சால்வோ அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஜோக்கிமிடம் திரும்பினார். "'என்ரை மனிசன் நல்ல சைக்கிள்காரர், ஆனால் தான் கடற்காரரெண்டு சொல்லுவார், நம்பினமாதிரித் தலையாட்டிவிடுங்கோ' எண்டு இவள்தானே முதலே சொல்லிவிட்டவள்."