பெரிய கங்காணி கண்ட சிறுத்தை

வழியில் விலங்கு கண்டவர் என்றோர் இனம் நம் ஊவா மலைகளில் உண்டு. காட்டில் திரியும் இனம் அன்று. தலைப்பாகை கட்டி, கோட்டு மாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் குதிரையேறி, சிநேகிதர் வீடுகளுக்குப் புறப்படும் இனம். அதே பாதையில் நீங்களும் நானும் போனால் என்ன காண்போம்? அட்டை. அதையும் காலில் ஏறிய பிறகுதான் காண்போம். அவர் போனால் மட்டும் மரையும் பன்றியும் மயிலும், காலைப் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க நிற்கும் தோட்டத்து ஆட்களைப் போல, வரிசையாக வந்து நிற்கும்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கங்காணி வீரய்யா இந்த இனத்தில் முதல் தரம். சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன கிழட்டுக் குதிரை அவருடையது. அதற்குப் புல் போடவும், பின்னால் ஓடவும், கேட்ட இடத்தில் "ஆமாங்க" சொல்லவும் குதிரைக்காரன் மாடசாமி. மூன்றாவது வேலைதான் அவனுக்குப் பெரிய வேலை.

அந்த ஞாயிறு வீரய்யா பெண் கேட்கப் புறப்பட்டார். பெரகல சந்தியில் கடையும் வீடும் ஒன்றாய் வைத்திருக்கும் சிநேகிதர் தங்கராஜாவின் மகள் சந்திரகாந்தியைத் தேர்த் திருவிழாவில் பார்த்ததிலிருந்து, மகன் சின்னராசா சரியாகச் சோறு தின்பதில்லை.

"வந்த விசயத்த மட்டும் பேசுங்கப்பா. வேற ஒன்னும் பேசாதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினான். அப்பாவை அறிந்த பிள்ளை!

பாதி வழியில் ஒரு கீரி குறுக்கே ஓடியது. நடந்தது அவ்வளவுதான்.

கணக்கப்பிள்ளை ஜெயராசா வீட்டில் இறங்கித் தேத்தண்ணி குடித்தபோது அது காட்டுப்பூனை ஆயிற்று. "ஆமாங்க" என்றான் மாடசாமி. தங்கராஜா வீட்டில் இரண்டாவது வடையை எடுக்கும்போது அது சிறுத்தை.

"காட்டுலன்னு நெனைக்காத தங்கராஜா. பட்டப்பகல்ல, நம்ம வீட்டு வாசல்ல இருந்து நாலு எட்டுல!"

"உங்க வீட்டு வாசல்லயாண்ணே?" என்று கேட்டார் பெண்ணின் தாய் பரிமளம். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோயிற்று.

வந்த விசயம் அப்போதுதான் வீரய்யாவுக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"சிறுத்தைன்னு சொல்ல முடியாது தங்கச்சி... பூனையாக்கூட இருக்கலாம். ஏன், கீரியாவே இருக்கலாம்."

பிறந்ததிலிருந்து முதன்முறையாக அவர் ஒரு விலங்கைச் சின்னதாக்கினார். எவ்வளவு வலித்திருக்கும்!

வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த மாடசாமிக்குப் பொறுக்கவில்லை. ஐயாவின் மானம் போகிறதே!

"என்னங்கய்யா, கீரியா? ரெண்டு சிறுத்தையில்ல வந்துச்சு! ஒன்ன நாந்தானே கல்லால அடிச்சு வெரட்டுனேன்!"

பரிமளம் வடைத் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வந்ததும் பொண்ணு கேக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சிச்சுண்ணே. எங்களுக்கும் சம்மதந்தான். ஆனா புள்ளைய உங்க வீட்டுக்குக் குடுக்கலாம், சிறுத்தைக்குக் குடுக்க முடியுமா?"

'அவன் உளறுகிறான், நான் கண்டது கீரிதான்' என்று அடித்துச் சொன்னால் போதும், மகனுக்குக் கல்யாணம். சொல்வாரா? குதிரைக்காரன் பார்க்கிறான், சிநேகிதர் பார்க்கிறார், கடைக்கு வந்த நாலு பேரும் எட்டிப் பார்க்கிறார்கள். வீரய்யா மீசையைத் தடவினார்.

"ரெண்டுதான்" என்றார்.

மாலையில் தோட்டத்து வளைவிலேயே சின்னராசா காத்து நின்றான். காலையிலிருந்து நிற்கிறானாம்.

"என்னப்பா சொன்னாங்க?"

"எங்கடா போய்ச் சேந்தேன்? பாதி வழியில கரடி மறிச்சிருச்சு."

"ஆமாங்க" என்றான் மாடசாமி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தப் பையனை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது போகட்டும், போன வாரம் உங்கள் கொல்லையில் பாம்பு கண்டதாகச் சொல்லி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினீர்களே, அந்தக் கைகளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். இன்னும் கொஞ்சம். உங்கள் வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒரு பிள்ளை நிற்கிறதல்லவா?